ஒரு மீன், ஐம்பது நாடுகள்: நீலத்துடுப்புச் சூரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரை என்றால் நமக்குக் குழம்பும் கருவாடும்தான் நினைவுக்கு வரும். அதே குடும்பத்து மீன் ஒன்றுக்காக 50-க்கும் மேற்பட்ட நாடுகள் அரை நூற்றாண்டாகச் சண்டை போட்டும் சமாதானம் பேசியும் வருகின்றன. அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை அதன் பெயர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் "இனி தேறாது" என்று பலர் கைவிட்ட மீன் இன்று மறுபடி பெருகியிருக்கிறது. இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நம்ம ஊர்ச் சூரையும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு இனம். சூரை, கேரை என்று கரைக்குக் கரை பெயர் மாறும் நம் மீன்கள் வெப்பக் கடலில் வாழ்பவை. நீலத்துடுப்பில் மூன்று இனங்கள் உண்டு: அட்லாண்டிக், பசிபிக், தென்கடல். மூன்றில் பெரியது அட்லாண்டிக் மீன். மூன்று மீட்டர் நீளம் வரை வளரும். 1979-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 679 கிலோ. ஒரு நல்ல எருமையின் எடை!

மீன்களில் பெரும்பாலானவற்றின் உடல் சுற்றியுள்ள நீரின் வெப்பத்திலேயே இருக்கும். இது அப்படியல்ல. தசையில் உண்டாகும் சூட்டைச் செவுள் வழியே இழந்துவிடாமல் காக்கும் இரத்தக்குழாய்ப் பின்னல் இதன் உடலுக்குள் இருக்கிறது. அதனால்தான் நார்வே அருகே உறையும் குளிரில் இரை தேடிவிட்டு, முட்டையிட மத்தியதரைக் கடலின் இளஞ்சூட்டுக்குத் திரும்பிவர முடிகிறது. முப்பது, நாற்பது ஆண்டு வாழக்கூடியது. ஒரு பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் கோடிக்கு மேல் முட்டையிடும். அவற்றில் வளர்ந்து ஆளாவது மிகச் சொற்பம்.

ஒவ்வொரு நாடும் தன் கடலில் கட்டுப்பாடு வைத்தால் போதாதா? எதற்கு இத்தனை நாடுகள்?

இந்த மீனுக்கு எந்த நாட்டின் கடலும் போதாது. 1982-இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து 200 கடல்மைல் வரை அந்தந்த நாட்டுக்கு உரிமை தந்தது. ஆனால் சூரை போன்ற நெடுந்தூர வலசை மீன்களைப் பற்றி அதன் 64-ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது: கரையோர நாடும், தொலைவிலிருந்து வந்து பிடிக்கும் நாடும் கூடிப் பேசித்தான் காக்க வேண்டும் என்கிறது.

அட்லாண்டிக் கடலில் அந்தக் கூட்டுப் பேச்சு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1966-இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான ஒப்பந்தம் 1969-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உருவானதுதான் அட்லாண்டிக் சூரைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "ஐகாட்" என்பார்கள். தலைமையகம் மாட்ரிட்.

1981-இல் ஐகாட் கடலின் நடுவே, 45 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையில், ஒரு கோடு கிழித்தது. கோட்டுக்கு மேற்கே மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடும் கூட்டம், கிழக்கே மத்தியதரைக் கடலில் முட்டையிடும் கூட்டம் என்று கணக்கு. மேற்கில் பிடிப்பு கடுமையாகக் குறைக்கப்பட்டது. கிழக்கு ஏறக்குறைய திறந்துகிடந்தது. ஆனால் மீனுக்குக் கோடு தெரியாதே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பார்பரா பிளாக் குழுவினர் 1990-களிலிருந்து இந்த மீன்களுக்குள் மின்னணுக் குறிப்பான்களைப் பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அமெரிக்கக் கரையில் குறியிடப்பட்ட மீன்கள் பெருங்கடலைக் கடந்து மத்தியதரைக் கடலுக்குப் போயின. மீனின் காதுக்குள் இருக்கும் கல்லை ஆராய்ந்தவர்களோ, அமெரிக்கர்கள் பிடிக்கும் மீன்களில் கணிசமானவை மத்தியதரைக் கடலில் பிறந்தவை என்று காட்டினார்கள். கிழக்கே அளவு மீறிப் பிடித்தால் மேற்கே வலை வெறுமையாகும் என்பது அதன் பிறகு மறுக்க முடியாத உண்மையாயிற்று. "நாங்கள் வயிற்றைக் கட்டிச் சேமிக்கிறோம், அவர்கள் அள்ளுகிறார்கள்" என்று அமெரிக்க மீனவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது.

காலங்காலமாகப் பிடித்த மீன்தானே? திடீரென்று ஏன் குறைந்தது?

பிடித்தார்கள், உண்மை. பண்டைய கடல் வணிகர்களான ஃபினீசியர் காலத்திலிருந்தே மத்தியதரைக் கடலில் இதற்குப் பொறிவலை உண்டு. கரையோரம் வலைகளால் அறை அறையாக வேலி கட்டி, முட்டையிட வரும் மீனை உள்ளே வழிநடத்திப் பிடிப்பார்கள். ஸ்பெயினில் அல்மத்ராபா, சிசிலியில் தொன்னாரா என்று பெயர். கரை தேடி வந்த மீன் மட்டுமே சிக்கும். தேடிப்போய் அள்ளும் முறை அல்ல அது.

1950-களிலும் 60-களிலும் முதல் அடி விழுந்தது. நார்வே, டென்மார்க் படகுகள் வடகடலில் பிடித்துக்கொண்டிருந்த பெருங்கூட்டங்கள் 60-களில் காணாமல் போயின. பிரேசிலுக்கு அப்பால் ஜப்பானியர் ஆயிரங்கால் தூண்டில் போட்டுப் பிடித்த கூட்டமும் அதே காலத்தில் மறைந்தது.

ஆனால் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது விமானம். 1970-களின் தொடக்கம் வரை கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பொழுதுபோக்குக்காகப் பிடிக்கப்பட்ட இந்த மீன்களைப் படம் எடுத்துக்கொண்டு மண்ணில் புதைத்தார்கள். இல்லையென்றால் பூனை உணவுக்குக் கொடுத்தார்கள். ஜப்பானிலிருந்து மின்னணுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போன சரக்கு விமானங்கள் வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. திரும்பும் வழிக்குச் சரக்கு தேடிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஊழியர் அகிரா ஒகஸாகியின் கண்ணில் இந்த மீன் பட்டது. 1972 ஆகஸ்டில் பனிக்கட்டியில் பொதிந்த கனடிய மீன்கள் டோக்கியோ ஏலக்கூடத்தில் இறங்கின. மாட்டிறைச்சியின் கொழுப்புச் சுவைக்குப் பழகத் தொடங்கியிருந்த ஜப்பானிய நாக்கு, ஒரு காலத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய இதன் வயிற்றுக் கொழுப்புத் தசையான "தோரோ"வைத் தேடத் தொடங்கியது. புதைத்த மீன் பொன்னாயிற்று.

அந்த விலை எங்கே போய் நின்றது என்பதற்கு ஒரு அடையாளம்: 2019 ஜனவரி முதல் ஏலத்தில் ஒரு சுஷி உணவகத் தொடரின் உரிமையாளர் 278 கிலோ மீன் ஒன்றுக்கு 33.36 கோடி யென் கொடுத்தார். அது பசிபிக் இனம். புத்தாண்டுக்கான விளம்பர விலையும்கூட. அன்றாட விலை அதில் ஒரு சிறு பங்குதான். இருந்தும் ஒரே மீனில் ஒரு குடும்பம் பல மாதம் பிழைக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. அந்தப் பணத்தைத் துரத்தி, சுருக்குமடி போடும் பெரிய கப்பல்கள் வந்தன. ஐரோப்பாவில் அரசு மானியமும் அவற்றுக்குக் கிடைத்தது.

சுருக்குமடி என்றால் தமிழகக் கரையில் விளக்க வேண்டியதில்லை. 2000-இல் தமிழக அரசு தடை செய்த வலை. 12 கடல்மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் மட்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்த வலை. கூட்டத்தை வளைத்து அடியில் கயிற்றைச் சுருக்கினால் மொத்தக் கூட்டமும் பைக்குள். முட்டையிடக் கூடிய நேரத்தில், மேலே விமானத்திலிருந்து கூட்டத்தைக் காட்டிக்கொடுக்க, கீழே அந்த வலையைப் போட்டார்கள்.

கூண்டில் வளர்க்கிறார்களாமே? பண்ணை மீன் என்றால் கடல் மீன் தப்பிக்கும் அல்லவா?

இந்தக் கேள்வியில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மால்டா, ஸ்பெயின், குரோஷியா, துருக்கிக் கடல்களில் மிதக்கும் கூண்டுகளில் இருப்பவை குஞ்சு பொரித்து வளர்த்த மீன்கள் அல்ல. கடலில் உயிரோடு பிடித்தவை. சில மாதம் தீனி போட்டுக் கொழுக்கவைத்து ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். ஒரு கிலோ எடை ஏற்றப் பத்துக் கிலோவுக்கும் அதிகமான மத்தி, கானாங்கெளுத்தி தேவை. அந்தச் சிறுமீன்களும் கடலிலிருந்துதான் வர வேண்டும்.

1990-களில் பரவிய இந்த முறை இன்னொரு தீங்கையும் செய்தது. கணக்கைக் குழப்பியது. சுருக்குமடியில் சிக்கிய மீன் படகில் ஏறுவதே இல்லை. வலையின் வாயை ஒரு மிதக்கும் கூண்டின் வாயோடு இணைத்து, மீனை அதற்குள் நீந்தவைப்பார்கள். இழுவைப் படகு அந்தக் கூண்டை ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் போகும். மீன் தராசைப் பார்ப்பது மாதங்கள் கழித்து, கொழுத்த பிறகு. பிடித்தபோது எவ்வளவு எடை? கப்பல் தலைவன் எழுதியதுதான் கணக்கு. ஆயிரம் மீன் உள்ளே போனால் அறுநூறு என்று எழுதலாம். மீதி எடையைக் "கூண்டில் கொழுத்தது" என்று சொல்லிக்கொள்ளலாம்.

முட்டையிலிருந்து முழுச் சுற்றும் வளர்த்தவர்களும் உண்டு. ஜப்பானின் கிண்டாய் பல்கலைக்கழகம் 2002-இல் பசிபிக் நீலத்துடுப்பில் அதைச் சாதித்தது. செலவு அதிகம், சந்தையில் அதன் பங்கு சிறியது.

ஐகாட் இருந்தும் ஏன் தடுக்கவில்லை?

எண்களைப் பார்த்தாலே விளங்கும். 2006-இல் ஐகாட்டின் சொந்த அறிவியல் குழு, கிழக்குப் பகுதியில் ஆண்டுக்கு 15,000 டன்னுக்குள் நிற்கச் சொன்னது. நாடுகள் 2007-க்கு 29,500 டன் என்று முடிவு செய்தன. உண்மையில் அந்த ஆண்டு பிடிபட்டது ஏறக்குறைய 61,000 டன் என்று அறிவியல் குழுவே பின்னர் கணக்கிட்டது. கேட்டது ஒன்று, தீர்மானித்தது இரண்டு, பிடித்தது நான்கு.

அறியாமையால் நடந்ததல்ல இது. ஐகாட்டில் பொதுவாக எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. மொத்த அளவைக் குறைத்தால் ஒவ்வொரு நாட்டின் பங்கும் குறையும். தன் நாட்டு மீனவரிடம் திரும்பிப்போய் "குறைத்துவிட்டு வந்தேன்" என்று சொல்ல எந்த அமைச்சருக்கும் மனமில்லை. ஆகவே எல்லாருக்கும் பங்கு எட்டும்வரை மொத்தத்தை உயர்த்திக்கொண்டே போனார்கள். மீறித் தீர்மானித்தாலும், அதற்கு உடன்படாத நாடு ஆறு மாதத்துக்குள் ஆட்சேபம் பதிந்து விலகிக்கொள்ளலாம். துருக்கி தன் பங்கு போதாது என்று பலமுறை அப்படிச் செய்தது.

2008-இல் ஐகாட் தானே அமர்த்திய சுதந்திர ஆய்வுக் குழு, கிழக்கு அட்லாண்டிக் சூரை நிர்வாகம் பரவலாக "பன்னாட்டு அவமானம்" என்று கருதப்படுவதாக எழுதியது. நாடுகள் தம் விதிகளைத் தாமே மதிக்கத் தொடங்கும்வரை மீன்பிடிப்பை நிறுத்திவைக்கவும் பரிந்துரைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் மொராக்கோவின் மராகேஷில் கூடினார்கள். அறிவியல் குழு சொன்னது 8,500 முதல் 15,000 டன் வரை. தீர்மானம்: 22,000.

மராகேஷ் முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அறிக்கை கையில் இருக்கிறது, அவமானம் என்ற சொல் காதில் இருக்கிறது, ஆனாலும் கை உயர்ந்தது 22,000-க்கு.

2010-இல் கத்தாரின் தோஹாவில் என்ன நடந்தது?

பொறுமை இழந்தவர்கள் வேறு கதவைத் தட்டினார்கள். சைட்ஸ் என்பது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. யானைத் தந்தத்துக்கும் புலித்தோலுக்கும் தடை போட்டது அதுதான். அதன் முதல் இணைப்பில் நீலத்துடுப்பைச் சேர்த்தால் நாட்டுக்கு நாடு வணிகம் நின்றுவிடும். 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் இதை முயன்று, அழுத்தத்தால் பின்வாங்கியிருந்தது. இப்போது, தோஹாவில் கூடிய சைட்ஸ் மாநாட்டில், இளவரசர் இரண்டாம் ஆல்பர்ட்டின் மொனாக்கோ முன்வந்தது. அமெரிக்கா ஆதரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் கால அவகாசம் போன்ற நிபந்தனைகளோடு ஆதரித்தது.

ஜப்பான் கடுமையாக எதிர்த்தது. அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் நீலத்துடுப்பில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. வாக்கெடுப்புக்கு முந்தைய இரவு தோஹாவில் ஜப்பானியத் தூதரகம் கொடுத்த விருந்தில் இதே மீனின் சுஷி பரிமாறப்பட்டதைச் செய்தியாளர்கள் எழுதினார்கள். மார்ச் 18 அன்று விவாதம் சூடுபிடிக்கும் முன்பே லிபியா உடனே வாக்கெடுப்பு கேட்டது. மொனாக்கோவின் தீர்மானத்துக்கு ஆதரவு 20, எதிர்ப்பு 68, வாக்களிக்காதவை 30. படுதோல்வி.

எதிர்த்தவர்கள் எல்லாரும் சுஷிக்காக எதிர்த்தார்கள் என்று எழுதுவது எளிது. அது முழு உண்மையல்ல. இன்று சூரை, நாளை நம் வேறு மீன் என்று பல ஏழை நாடுகள் பயந்தன. நிற்பது ஏற்றுமதி மட்டுமே, பணக்கார நாடுகள் தங்களுக்குள் பிடித்துத் தின்பது தொடரும் என்ற வாதமும் இருந்தது. துனிசியா போன்ற நாடுகளின் கரையோரத்தில் வேறு பிழைப்பு இல்லாத ஊர்கள் இருந்தன.

அப்படித் தோற்ற பிறகு மீன் எப்படி மீண்டது?

தோற்ற தீர்மானம் தன் வேலையைச் செய்துவிட்டது என்பதே என் எண்ணம். தோஹாவுக்குச் சில மாதம் முன், 2009 அக்டோபரில், ஐகாட் அறிவியல் குழு கூடி, முட்டையிடும் மீன்களின் அளவு பழைய அளவில் 15 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று சொல்லியிருந்தது. சைட்ஸ் தடைக்கான அளவுகோலை எட்டிவிட்டது என்று அதற்குப் பொருள். "நீங்கள் செய்யாவிட்டால் வேறொருவர் வணிகத்தையே மூடுவார்" என்ற மிரட்டல் முதல்முறையாக உண்மையாயிற்று. 2009 நவம்பரில், பிரேசிலின் ரெசீஃபியில், 2010-க்கான அளவை 13,500 டன்னாக வெட்டினார்கள். அடுத்த ஆண்டு பாரிஸில் 12,900. ஜப்பானும், வணிகத் தடையைத் தடுத்ததற்கு ஈடாக, ஐகாட்டிலேயே கண்டிப்பு வேண்டும் என்று பேசவேண்டிய நிலைக்கு வந்தது.

அளவை வெட்டுவது மட்டும் போதாது. முன்பும் எண் இருந்தது, யாரும் மதிக்கவில்லை. இந்த முறை எண்ணுகிற வழி மாறியது.

சுருக்குமடிப் பருவம் மே இறுதியிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதமாகச் சுருங்கியது. நம் தடைக்காலத்தைத் தலைகீழாக வைத்தது போல: ஆண்டு முழுவதும் தடை, ஒரு மாதம் மட்டும் அனுமதி. கூட்டம் தேடும் விமானங்களுக்குத் தடை. ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனி ஒதுக்கீடு. ஒவ்வொரு சுருக்குமடிக் கப்பலிலும், ஒவ்வொரு கூண்டுப் பண்ணையிலும் ஒரு பார்வையாளர். வலையிலிருந்து கூண்டுக்கு மீன் மாறும் நேரத்தை நீருக்கடியில் படம் எடுக்க வேண்டும். பிறகு இரட்டைக் கண் கேமராக்கள் வந்தன. நீந்திப்போகும் மீனின் நீளத்தை அளந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். கப்பல் தலைவன் எழுதியதும் கேமரா சொல்வதும் ஒத்துவராவிட்டால், அதிகப்படியானதைக் கடலிலேயே திறந்துவிட வேண்டும். பிடித்த இடத்திலிருந்து விற்கும் கடை வரை ஒவ்வொரு மீனுக்கும் ஆவணம். 2016 முதல் அது மின்னணு ஆவணம். ஆவணம் இல்லாத மீனை ஜப்பானியத் துறைமுகம் வாங்காது. எல்லா விதிகளிலும் பல் உள்ளது இதுதான் என்று நினைக்கிறேன். சந்தை ஒரே இடத்தில் குவிந்திருந்தது மீனுக்குக் கேடாக இருந்தது. அதே குவியல் இப்போது காவலாயிற்று.

மீனின் பங்கும் இருக்கிறது. 2003-இல் பிறந்த தலைமுறை அபாரமாகப் பிழைத்திருந்தது. பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச எடையை 2006 தீர்மானம் பெரும்பாலான பிடிப்புகளுக்கு 10 கிலோவிலிருந்து 30 கிலோவாக உயர்த்தியது. அந்த 2003-ஆம் ஆண்டுக் குஞ்சுகள் முட்டையிடும் வயதுக்கு வர அது வழிவிட்டது. கிழக்கு மீன் நான்கு வயதில் முட்டையிடத் தொடங்கும். கொஞ்சம் இடைவெளி கொடுத்தால் போதும், கூட்டம் எழுந்துவிடும்.

வலியைச் சுமந்தது யார்?

சுமை சமமாக விழவில்லை. கிழக்கு ஒதுக்கீட்டில் பாதிக்கும் மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு, அதிலும் பெரும்பகுதி சுருக்குமடிக் கப்பல்களுக்கு. பழைய பிடிப்புக் கணக்கை வைத்துப் பங்கு பிரித்தார்கள். அதிகம் அள்ளியவருக்கே அதிகப் பங்கு என்றாயிற்று. தூண்டில் போட்டு ஒன்றிரண்டு மீன் பிடிக்கும் சிறு மீனவர்கள், மீன் கண்ணெதிரே துள்ளும்போதும் பிடிக்க உரிமை இல்லாமல் நின்றார்கள். சிசிலிக்கு அருகே ஃபவிஞானா தீவில் பல நூற்றாண்டுகளாக நடந்த பொறிவலை மீன்பிடிப்பு 2007-க்குப் பிறகு நடக்கவில்லை. 2010-இல் அல்ஜீரியாவின் பங்கு பெரிதும் வெட்டப்பட்டது. திரும்பப் பெற அது பல ஆண்டு வாதாட வேண்டியிருந்தது. மீன் மீண்டதைக் கொண்டாடும் கட்டுரைகளில் இந்த மக்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் ஜப்பான்தான் காரணமா?

வாங்கியவர் ஜப்பானியர். பிடித்தவரும் கொழுக்கவைத்தவரும் கணக்கை மறைத்தவரும் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் நாட்டவர். ஆனால் ஜப்பானின் கைகளும் சுத்தமில்லை. தென்கடல் நீலத்துடுப்புக்கென ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் மூன்றும் 1994-இல் தனி ஆணையம் அமைத்தன. அந்த மீன் முட்டையிடுவது ஜாவாவுக்கும் வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட இந்தியப் பெருங்கடலில். ஜப்பான் "பரிசோதனைப் பிடிப்பு" என்ற பெயரில் ஒதுக்கீட்டுக்கு மேல் பிடித்தபோது மற்ற இரண்டும் 1999-இல் பன்னாட்டுக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கின. மறு ஆண்டே நடுவர் மன்றம் "இதை விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை" என்று கைவிரித்தது. 2006-இல் ஜப்பானியச் சந்தையில் விற்ற மீனின் கணக்கைச் சரிபார்த்தபோது, ஜப்பான் பல ஆண்டுகளாகக் கணக்கைவிட மிக அதிகம் பிடித்துவந்தது வெளிப்பட்டது. அதன் ஒதுக்கீடு 6,065 டன்னிலிருந்து 3,000 டன்னாகப் பாதியானது. வழக்கு சாதிக்காததைச் சந்தைக் கணக்குப் பரிசோதனை சாதித்தது.

இன்றைய நிலை என்ன? ஆபத்து நீங்கிவிட்டதா?

2021 செப்டம்பரில், உயிரினங்களின் நிலையை மதிப்பிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்-இன் சிவப்புப் பட்டியல் அட்லாண்டிக் நீலத்துடுப்பை "அருகிவரும்" நிலையிலிருந்து "கவலை குறைந்த" நிலைக்கு மாற்றியது. கிழக்கு ஒதுக்கீடு படிப்படியாக ஏறி 2020-இல் 36,000 டன், 2023 முதல் 2025 வரை ஆண்டுக்கு 40,570 டன். அரை நூற்றாண்டாகக் காணாத மீன் நார்வே, டென்மார்க், இங்கிலாந்தின் கார்ன்வால் கரைகளில் மறுபடி துள்ளுகிறது.

ஆனால் அதே பட்டியல் சொல்லும் இன்னொரு செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடும் மேற்குக் கூட்டம் 1970-களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே போய்விட்டது. அங்கே 2023 முதல் 2025 வரை ஒதுக்கீடு ஆண்டுக்கு 2,726 டன்தான். 2010 ஏப்ரலில், சரியாக முட்டையிடும் பருவத்தில், அந்த வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணறு வெடித்ததும் நினைவிருக்கட்டும்.

திருட்டும் நிற்கவில்லை. 2018-இல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் ஸ்பெயின் காவல்படையும் "தரன்தெலோ" என்ற நடவடிக்கையில் 79 பேரைக் கைது செய்தன. இத்தாலி, மால்டா கடல்களில் பிடித்து ஸ்பெயினில் விற்ற கள்ள மீன் ஆண்டுக்கு 2,500 டன் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

நம்பிக்கை தருவது 2022 நவம்பர் முடிவு. போர்ச்சுகலின் விலமோராவில் ஐகாட் ஒரு விதியை ஏற்றது: கடலின் நிலையைக் காட்டும் அளவுகள் ஏறினால் ஒதுக்கீடு இவ்வளவு ஏறும், இறங்கினால் இவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணக்கு எழுதிவைத்துவிட்டார்கள். கிழக்கையும் மேற்கையும், கலந்து திரியும் மீன்களாகவே அந்தக் கணக்கு பார்க்கிறது. மராகேஷில் நடந்த பேரத்துக்கு அதில் இடம் குறைவு.

உணவகத்தில் கிடைத்தால் சாப்பிடலாமா?

ஆவணத்தோடு வந்த மீன் என்றால் இன்று தவறில்லை. ஆனால் "டூனா" என்று மட்டும் எழுதியிருக்கும் தட்டில் இருப்பது பெரும்பாலும் நீலத்துடுப்பே அல்ல. மஞ்சள்துடுப்பாகவோ வேறு சூரையாகவோ இருக்கும். எந்த இனம், எந்தக் கடல் என்று கேளுங்கள்.

இதற்கும் நம் கடலுக்கும் என்ன தொடர்பு?

மஞ்சள்துடுப்புச் சூரைதான் தொடர்பு. கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களும் இலங்கையின் பலநாள் படகுகளும் மாலத்தீவின் தூண்டில்காரர்களும் தேடிப்போகும் மீன் அது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் செஷல்ஸில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் உறுப்பினர்கள். 2015-இல் இங்கே மஞ்சள்துடுப்பு அளவு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அறிவியல் குழு சொன்னது. 2016-இல் முதல் மீட்புத் திட்டம் வந்தது: 2014-இல் பிடித்ததிலிருந்து பெரிய சுருக்குமடி நாடுகள் 15 விழுக்காடு குறைக்க வேண்டும், மற்ற வலைகளுக்கும் தூண்டில்களுக்கும் அதைவிடக் குறைந்த வெட்டு.

சண்டையின் முகம் அதேதான். கரையோர நாடுகள் ஒரு பக்கம், ஸ்பெயின், பிரான்ஸ் கப்பல்களை வைத்திருக்கும் ஐரோப்பிய ஒன்றியம் மறுபக்கம். அந்தக் கப்பல்கள் கடலில் மிதவைகளை விட்டு, நிழலுக்குக் கூடும் மீனைக் குஞ்சோடு சேர்த்து அள்ளுகின்றன. 2023 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசாவில் அந்த ஆணையம் கூடியபோது, ஆண்டுக்கு 72 நாள் மிதவைகளைத் தடுக்கும் தீர்மானம் வாக்கெடுப்பில் வென்றது. ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பல நாடுகளும் ஆட்சேபம் பதிந்தன. தீர்மானம் நடைமுறைக்கு வரவேயில்லை. அட்லாண்டிக்கில் மீனை மீட்க உதவிய அதே ஐரோப்பா இங்கே இப்படி நின்றது எனக்கு வருத்தம்தான். 2024-இல் வந்த புதிய மதிப்பீடு மஞ்சள்துடுப்பு ஆபத்து நிலையிலிருந்து மீண்டுவிட்டதாகச் சொல்கிறது. ஆனால் இந்தக் கடலில் பாதிப் பிடிப்பு சிறு படகுகளில் சிறு துறைகளில் இறங்குவது. அதை எடை போட்டு எழுதும் ஏற்பாடு பல நாடுகளில் நொண்டுகிறது.

இலங்கைக்கு இதன் விலை தெரியும். ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் அந்நாட்டு மீனுக்குத் தடை விதித்தது. படகுகளில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தி, பிடிப்புக் குறிப்பேட்டை ஒழுங்காக்கி, சட்டத்தைத் திருத்திய பிறகு 2016 ஜூனில்தான் அந்தச் சந்தை மறுபடி திறந்தது.